ஏழாம் நாளும் அடிமையின் மூச்சும்

யூதர் வேதத்தைத் தமக்கென எடுத்து வாசிக்கும் தமிழர் அரியர். கிறிஸ்தவ அன்பர்கள் அதனைப் பழைய ஏற்பாடென வழங்கிப் புதியதற்கு முகவுரையாகக் கொள்கின்றனர். ஏனையோர் அது பிறர் நூலென்று விலகுகின்றனர். சீர்திருத்த நோக்குடைய நம்மவரோ வேதம் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்திலேயே முகஞ்சுளிக்கின்றனர். தோட்டத்துச் செக்ரோல் எழுதும் கிராணியொருவன் அந்நூலின் ஒரு சிறு பகுதியைத் தன் தொழிற்கண் கொண்டு வாசித்தால் அவனுக்குக் கிடைப்பது யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

காத்தோங்கில் உறவினர் இல்லத்தில் தங்குங் காலங்களில் மேயர் ரோடு வழியே உலவுவதுண்டு. ஒருகாலத்தில் தென்னந்தோட்டங்கள் நிறைந்திருந்த பக்கம் அது. 1966-இல் தொடங்கிய கடல் தூர்ப்பினால் அலைகள் தொலைவிற் போய்விட்டன. அவ்வீதிக்குப் பெயரளித்த மனாசே மேயர் 1930-இல் மறைந்த பாக்தாத் யூத வணிகர். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் மகேன் அபோத் என்னும் யூத ஆலயம் இருக்கவும், 1905-இல் ஆக்ஸ்லி ரைஸில் தம் மாளிகையருகே செசெட் எல் என்னும் மற்றோர் ஆலயத்தை எழுப்பியவர் அவர். ஓய்வுநாளில் வாகனம் ஏறலாகாது என்பது அம்மதத்தார் விதியாதலின், தொழுமிடம் நடந்து செல்லுந் தூரத்தில் அமைதல் அவர்க்கு இன்றியமையாதது. சனிக்கிழமையென்றால் நம்மவர்க்குக் கிரகபயம். எள்ளும் எண்ணெயுமாகக் கோயிலைச் சுற்றுவர். அவர்களோ அந்நாளை மணமகளாகப் பாவித்துப் பாடி வரவேற்கின்றனர். இவ்விரண்டில் எது மனிதனுக்கு நலம் பயப்பது என்பதை நேயர்களே கூறுக.

நிற்க. ஓய்வுநாட் கட்டளை அவ்வேதத்தில் இருமுறை வருகின்றது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் அதற்குக் கூறப்படும் காரணம், ஆண்டவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தான் என்பது. உபாகமம் 5ஆம் அதிகாரத்திலோ காரணமே வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதனை நினை, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓயட்டும் என்பது. தொகுத்தவர் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்தாமல் இரண்டையும் விட்டுவைத்தது நமது நற்பேறு. முன்னது வானத்தைப் பார்க்கச் செய்கின்றது. பின்னது நமது சொந்தக் கணக்கைப் பார்க்கச் செய்கின்றது. எனக்கு உவப்பானது பின்னதே.

இதனினும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. யாத்திராகமம் 23ஆம் அதிகாரம், அடிமைப்பெண்ணின் மகனும் அந்நியனும் ஏழாம் நாளில் அடையவேண்டிய நிலையை ஓர் எபிரேய வினையாற் குறிக்கின்றது. மூச்சு, உயிர் என்னும் பொருளுடைய நெஃபெஷ் என்ற சொல்லோடு உறவுடையது அவ்வினை. வேதம் முழுவதிலும் அது மூன்றே இடங்களில் வருகின்றது. அவற்றுள் மற்றொன்று 31ஆம் அதிகாரத்தில்; அங்கே அதற்கு எழுவாய் ஆண்டவனே! படைத்தவன் இளைத்து மூச்சுவாங்கினான் என்று சொல்லத் துணிந்த புலவன், அதே சொல்லை அடிமைப்பெண்ணின் மகனுக்கும் வழங்கியிருக்கின்றான். உபதேசம் பத்துப் பக்கம் செய்தும் விளைவிக்கவொண்ணாத சமத்துவத்தை ஒரு வினைச்சொல் விளைவிக்கின்றது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இவ்வொற்றுமை காக்கப்பட்டுள்ளது. தமிழ் வேதாகமத்திலோ அடிமையின் மகன் இளைப்பாறுகின்றான், ஆண்டவன் பூரிக்கின்றான். எசமானுக்கு ஒரு சொல், ஏவலாளுக்கு ஒரு சொல்! மொழிபெயர்த்தோர் வேண்டுமென்று செய்தாரல்லர்; மரியாதை பார்க்கும் நமது மொழிவழக்கமே அவர் கையைப் பிடித்திழுத்தது போலும். ஆயினும் நட்டம் நட்டமே.

குற்றங்களையும் மறைத்தலாகாது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கினான் என்று ஒருவனைக் கல்லெறிந்து கொன்ற கதை எண்ணாகமத்தில் உள்ளது. அதனை எவ்வாறு விளக்கினும் என் மனம் ஏற்கவில்லை. அடிமைக்கு ஒருநாள் மூச்சளித்த சட்டம் அவன் அடிமைத்தளையை ஒழித்துவிடவுமில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் என நீளும் பட்டியலில் மனைவியைக் காணோம். கணவனோடு அவளும் அடக்கம் என்பர் உரைகாரர். அந்நாளில் அடுப்பு மூட்டலாகாது என்பது விதியாதலின் முதல்நாளே சமைத்துவைப்பர். அவ்வளவில் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒருநாள் புகையில்லை என்பது மெய். நம் லயத்துப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை துணிமூட்டையோடும் விறகுக் கட்டோடும் கழிந்தது.

இனி, என்னை உறுத்துவது அந்த அந்நியன் என்னும் சொல். ஒப்பந்தக் கூலிகளாயும் கங்காணிமார் ஆட்களாயும் கப்பலேறி வந்தோர் நம் முன்னோர். அவ்வாறு ஆளனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. இன்று எமது தோட்டத்துச் செக்ரோலில் தமிழ்ப் பெயர்கள் அருகி, வங்காளதேசத்தார் பெயர்களும் இந்தோனேசியர் பெயர்களும் நிறைந்துள்ளன. எழுதுபவன் தமிழன், எழுதப்படுபவன் புதிதாய் வந்த அந்நியன். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்திற்கொரு முழு ஓய்வுநாளை வகுத்திருக்கின்றது. அந்நாளில் வேலைசெய்யும் நாட்கூலிக்குக் கூலி அதிகம். ஊரில் கடன் வைத்து வந்தவன் அதனை விற்றுத்தானே தீருவான்? காத்தோங் மாடிகளிலும் இதே கதை. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வார ஓய்வுநாள் 2013-இல் விதியாயிற்று; ஆனால் இருவரும் ஒப்பினால் காசு கொடுத்து அந்நாளை ஈடுசெய்யலாம். 2023 முதல் மாதத்தில் ஒருநாளையேனும் அவ்வாறு காசாக்க முடியாதென்று திருத்தினர். உபாகமத்துச் சட்டமோ ஒரு நாளையும் விற்க இடந்தரவில்லை. ஓய்வைக் கொடுப்பதும் மறுப்பதும் எசமானின் தயவிலில்லை. விற்பது அடிமையின் இஷ்டத்திலுமில்லை. பழைய நூல் என்று நாம் தள்ளியது இவ்விஷயத்தில் நமது சட்டங்களுக்கு முன்னே நடக்கின்றது.

தமிழ் வேதாகமத்தை மறுபடியும் திருத்த முற்படும் அறிஞர்க்கு ஒரு விண்ணப்பம். அவ்விரண்டு அதிகாரங்களிலும் ஒரே சொல்லை இடுக. சொல்லுக்கு அலையவேண்டியதில்லை. வேலை மிகுந்தபோது மூச்சுவிடக்கூட நேரமில்லை என்று நாம் அன்றாடம் சொல்லிக்கொண்டுதானே இருக்கின்றோம்?