ஆர்15 வெர்ஷன் 2.0: பழைய ஓனரின் கைரேகைகள்

திருவண்ணாமலையில் செகண்ட் ஹேண்ட் ஆர்15 தேடினால் இரண்டு ரகம்தான் கண்ணில் படும். ஒன்று, ஃபேரிங்கில் கீறலும் வெளுத்துப்போன ஸ்டிக்கருமாக, கம்பெனியிலிருந்து வந்தபடியே நிற்கும். இன்னொன்று எல்இடி பார், ரேஸ் சைலன்சர், அகலமான பின் டயர், ரிம்மில் நியான் டேப் என்று தேர் மாதிரி ஜோடித்து நிற்கும். விற்கிறவர்கள் அதிக விலை சொல்வது இரண்டாவது ரகத்துக்கு. உண்மையில் அதற்குத்தான் குறைக்க வேண்டும். நான் வாங்கியது அந்த ரகம்தான், தெரிந்தேதான். 2012 மாடல், வெர்ஷன் 2.0, டி.என்.25 பதிவு. ஆர்.சி. சுத்தம், இன்ஜின் ஆறிக் கிடந்தபோது ஸ்டார்ட் செய்து கேட்ட சத்தமும் சுத்தம். மற்றதெல்லாம் கழற்றி மாட்டக்கூடிய சங்கதிகள் என்பது என் கணக்கு.

2008-ல் யமஹா இந்தியாவில் இறக்கிய ஆர்15-க்கு 2011-ல் வந்த இரண்டாவது அவதாரம் இது. 149.8 சிசி, நாலு வால்வு, லிக்விட் கூலிங், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர், 17 பிஎஸ் பவர், 15 என்எம் டார்க். டெல்டாபாக்ஸ் ஃப்ரேம் அப்படியே இருக்க, அலுமினிய ஸ்விங் ஆர்மும் 130/70 பின் ரேடியல் டயரும் புதிதாகச் சேர்ந்தன. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒன்-மேக் ரேஸ் ஓடிய குடும்பம். 2018-ல் 155 சிசி வெர்ஷன் 3.0 வந்தபிறகு, இரண்டாவது வெர்ஷன் காலேஜ் பையன்களின் பட்ஜெட்டுக்குள் இறங்கிவிட்டது.

பழுது பார்க்கிறவர் இந்த ஸ்பெக் ஷீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கிக்கர் கிடையாது, பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும். இன்னொன்று சிலிண்டர். டயாசில் என்று யமஹா பெயர் வைத்திருக்கும் இந்த சிலிண்டரில் இரும்பு லைனரே இல்லை. சிலிகான் கூடுதலாகச் சேர்த்து வார்த்த அலுமினியத்தின் மேலேயே பிஸ்டன் ஓடுகிறது. சூடு நன்றாக வெளியேறும், எடையும் குறைவு. ஆனால் உள்ளே கோடு விழுந்துவிட்டால் ஸ்ப்ளெண்டருக்குச் செய்வதுபோல போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஸ்லீவ் இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் லேத் பட்டறைகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆகவே இந்த வண்டிக்கு முதல் எதிரி சூடு.

விற்றவர் ஒப்புக்கொண்ட குறை ஒன்றே ஒன்று: “பேட்டரி மட்டும் கொஞ்சம் வீக் சார், மத்தபடி கம்பெனி கண்டிஷன்.”

அங்கிருந்தே ஆரம்பித்தேன். ராத்திரி நன்றாக நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று ரிலே சத்தத்தோடு சரி. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. இதில் பெட்ரோல் பம்புக்கும் இசியு-வுக்கும் கரண்ட் வேண்டும். சாவி போட்டதும் டேங்க்குக்குள்ளிருந்து ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது வராத அளவுக்கு பேட்டரி இறங்கியிருந்தால், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், வண்டி அசையாது.

பேட்டரியை மாற்றிவிடு என்பதுதான் எந்தக் கடையிலும் கிடைக்கும் முதல் யோசனை. அதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் போதும். முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பத்துக்குக் கீழே வெகுவாகச் சரிந்தால் பேட்டரி செத்தது. இன்ஜின் ஓட, ஆக்ஸிலரேட்டரை 5,000 ஆர்பிஎம் வரை கொடுத்தால் 14 வோல்ட் சுமாருக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸ்டேட்டர் காயிலையோ ரெகுலேட்டரையோ சந்தேகப்படலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது. என் வண்டியில் சார்ஜிங் சரியாகவே இருந்தது. அப்படியானால் சாவி எடுத்த பிறகு கரண்டை யாரோ குடிக்கிறார்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தால், சில மில்லி ஆம்பியரோடு நிற்க வேண்டியது எங்கேயோ இருந்தது. எல்இடி பாரை மின்னவைக்கும் சின்ன கன்ட்ரோலர் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன், முள் கீழே இறங்கிவிட்டது. இக்னிஷன் லைனில் கொடுக்க வேண்டிய சப்ளையை நேராக பேட்டரியில் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வயர் வழியே வழிந்திருந்தது.

அந்த வயரைத் தொடர்ந்து ஹெட்லைட் பக்கம் போனபோதுதான் பெரிய விஷயம் அகப்பட்டது. ரேடியேட்டர் ஃபேனின் கப்ளர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தானாகக் கழன்றதில்லை, அழகாக டேப் சுற்றி, ஃப்ரேமோடு சேர்த்து கட்டியிருந்தார்கள். போளூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும், எனக்கு வெகுநாள் பழக்கமான மெக்கானிக் அண்ணன் பார்த்துச் சிரித்தார். “ஃபேன் ஓடுனா பேட்டரி எறங்குதுன்னு எவனோ புடுங்கி வுட்டிருக்கான் தம்பி. லைட்டு எரியணும்னு இஞ்சின கொளுத்தப் பாத்திருக்கான்.”

இந்தக் குறையை வழக்கமான டெஸ்ட் ரைடில் கண்டுபிடிக்கவே முடியாது. வண்டி அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், ஃபேனுக்கு வேலை இல்லை. அதனால்தான் விற்கிறவர் உங்களைக் காலியான சாலைக்கு அழைத்துப்போகிறார். நீங்கள் அவரைச் சின்னக்கடைத் தெருவுக்கு அழைத்துப்போங்கள். ஆட்டோ, பூக்கடை, மாடு, பக்தர் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே முதல் கியரில் ஊர்ந்துவிட்டு, பிறகு ஓரமாக நிறுத்தி ஐடிலில் விடுங்கள். சற்று நேரத்தில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் டெம்பரேச்சர் வார்னிங் எரிந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு விலை பேசலாம். இந்த ஊரில் இது சும்மா சோதனை இல்லை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிற இரவில், போலீஸ் திருப்பிவிடும் வழியில் மாட்டிக்கொண்டால், கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி வெகுநேரம் ஊர வேண்டியிருக்கும். வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்து வாங்கும் சித்திரை வெயில் வேறு.

கப்ளரை மாட்டியதும் ஃபேன் சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்துப் பார்த்தால் மோட்டார் ஓடியது. ஆக மோட்டார் நல்லது, பழுது வழியில். தேடியதில் ஃப்யூஸ் போயிருந்தது, புது ஃப்யூஸ் போட்டதும் உயிர் வந்துவிட்டது. அடுத்து ரேடியேட்டர் மூடி. இதை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்துக்கு வரும். உள்ளே பச்சைக்கோ நீலத்துக்கோ பதிலாகச் செம்மண் நிறம். போர்வெல் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரில் டீக்கடைப் பாத்திரத்திலேயே வெள்ளை உப்பு படிகிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூலன்ட் வெறும் கலர் தண்ணீர் இல்லை. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதிலுள்ள கிளைக்கால் முதலான சரக்குகள்தான். டிஸ்டில்டு வாட்டர் விட்டு, ஓடவிட்டு, வடித்து, தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்து, பிறகு ரெடிமிக்ஸ் கூலன்ட் ஊற்றி காற்றுக் குமிழியை வெளியேற்றினோம். ஆயில் கேப்பைத் திறந்து அடியில் வெளிறிய நுரை இருக்கிறதா என்று பார்த்ததுதான் எனக்குப் படபடப்பான நேரம். இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, வாட்டர் பம்ப் சீலோ ஹெட் கேஸ்கெட்டோ போய்விட்டது என்று அர்த்தம். இல்லை. பம்ப்புக்கு அடியிலுள்ள கசிவுத் துளையும் காய்ந்தே இருந்தது. ஓட்டியவர் என்ன பாடு படுத்தியும் இன்ஜின் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

லைட்டுக்கு ஒரு வயர், அதனால் பேட்டரி, அதனால் ஃபேன், அதனால் கொதிப்பு, கொதித்ததும் கைக்குக் கிடைத்த தண்ணீர். ஒரே கயிற்றில் கோத்த ஐந்து பழுதுகள். கடைசிப் பழுதிலிருந்து ஆரம்பித்திருந்தால் “இன்ஜின் ஹீட் ஆகுது, ஹெட்டைப் பிரிக்கணும்” என்றுதான் பில் வந்திருக்கும். மாற்றங்கள் செய்த வண்டியில், யார் எங்கே கை வைத்தார்கள் என்பதைப் பின்தொடர்வதுதான் எனக்குத் தெரிந்த குறுக்கு வழி.

அடுத்தது ஜெர்க். இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது வண்டி இழுத்து இழுத்து விடும். இதற்கும் தயாராக ஒரு பதில் ஊரெங்கும் உண்டு: “இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும்.” அதற்கு முன்னால் கீழே உட்கார்ந்து செயினைப் பாருங்கள். நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, செயினின் கீழ்ப்பக்கத்தை ஒரு விரலால் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், ஒரே இடத்தில் இல்லை, சக்கரம் ஒரு முழுச்சுற்று வரும்வரை பல இடங்களில். என் வண்டியில் ஓர் இடத்தில் விரலுக்கு வளையாமல் விறைப்பாக இருந்த செயின், கால் சுற்றுக்குப் பிறகு ஸ்விங் ஆர்மைத் தொடும் அளவுக்குத் தொங்கியது. சில கண்ணிகள் துருவால் மடங்கவே இல்லை. பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகியிருந்தன. இதை டைட் செய்தால் விறைப்பான இடத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கைத்தான் இழுக்கும். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றியதும் ஜெர்க்கில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கால்வாசி, காது கிழிக்கும் சைலன்சரோடும் கரி படிந்த த்ராட்டில் பாடியோடும் போனது. ஒரிஜினல் சைலன்சர் பழைய ஓனர் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. வாங்கும்போதே ‘கழற்றினதெல்லாம் கொடுங்க’ என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். புதிதாக வாங்கினால் அழுதுவிடுவீர்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடுவது தனி வேலை.

கிளட்ச் சமாச்சாரம் சின்னது. ஆறாவது கியரில் திருகினால் ஆர்பிஎம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கார் இன்ஜின் ஆயில் ஊற்றியிருக்கலாம் என்று அண்ணன் சொன்னார். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே குளிக்கின்றன. காருக்கான பல ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு உண்டு, அது கிளட்ச்சையும் வழுக்கவைத்துவிடும். டப்பாவில் ‘ஜேஏஎஸ்ஓ எம்ஏ’ என்றோ ‘எம்ஏ2’ என்றோ போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும். மாற்றினோம், லீவரில் ஃப்ரீ பிளே வைத்தோம், சரியானது.

கோன் செட்டைச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றி எழுத முடியாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் பேரிங் பாதை குழிந்துவிட்டது. வேகத்தடையே தெரியாமல் பாய்ந்து பழகிய வண்டிகளில் இது சகஜம். இதை மாற்றாமல் வளைவில் சாய்த்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதோடு, ரிம்முக்குப் பொருந்தாத அகல டயரையும் இறக்கிவிட்டு, கம்பெனி அளவான 130-க்கே திரும்பினேன். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். ‘2319’ என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடு.

இனி ஓட்டுவது. ஊருக்குள் இது சுகமான வண்டி இல்லை. தேரடித் தெருவில் ஊரும்போது மணிக்கட்டு வலிக்கும், பின்னால் உட்கார்கிறவர் கோபுரத்தைத் தவிர வேறெதுவும் பார்க்க முடியாத உயரத்தில் தொற்றிக்கொண்டிருப்பார். ஐயாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இன்ஜின் சோம்பேறி. ஆனால் செஞ்சி ரோட்டில் விட்டால் ஏழாயிரத்துக்கு மேல் வேறு குரலில் பேசுகிறது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஏறிய அன்றுதான் கோன் செட்டுக்கும் டயருக்கும் செலவழித்ததன் அர்த்தம் புரிந்தது. வளைவுக்குள் பார்வையைத் திருப்பினால் வண்டி தானாக விழுகிறது, நடுவளைவில் பள்ளம் வந்தாலும் கோட்டை விட்டு விலகுவதில்லை. 17 பிஎஸ் இன்றைக்குப் பெரிய எண் இல்லைதான். இன்றைய பெரிய வண்டிகள் பலவற்றில் இந்த ஃப்ரேமின் நிதானத்தை நான் பார்க்கவில்லை. மைலேஜ் நிதானமாக ஓட்டினால் நாற்பதைத் தாண்டுகிறது.

வாங்க நினைக்கிறவர்கள் காகிதத்தில் ஒரு தேதியைக் கவனியுங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான். 2012 வண்டி 2027-ல் ஆர்டிஓ ஆபீஸில் மறுபதிவுக்கு நிற்கும், அதற்கான செலவை விலையில் இப்போதே கழியுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகு மீதிப் பணம். லோன் வண்டியாக இருந்தால் ஃபார்ம் 35-ம் வேண்டும். பரிவாஹன் தளத்தில் பழைய சலான் பாக்கியையும் தட்டிப் பாருங்கள், ரேஸ் சைலன்சர் வண்டிகளில் அநேகமாக இருக்கும். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டி அதற்கு முந்தைய காலத்தது. ஃப்யூயல் ஹோஸையும் டேங்க் மூடி ரப்பரையும் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன், டேங்க்கில் பெட்ரோலை வாரக்கணக்கில் தேக்கி வைப்பதில்லை.

என்னிடம் இன்னும் முடியாத வேலைகள் உண்டு. இடது ஃபோர்க்கில் மெல்லிய எண்ணெய் வளையம் தெரிகிறது, சீல் மாற்ற வேண்டும், டிஸ்க் பேடில் சொட்டுவதற்கு முன்னால். ஃபேரிங்கின் இரண்டு கிளிப்புகளைக் காணவில்லை, நாலாயிரம் ஆர்பிஎம்மில் வலது முழங்காலருகே ஒரு கடகட. எல்இடி பாரைக் கழற்றி ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். கன்ட்ரோலர் பெட்டியோடு வேண்டுமா என்று ஒரு பையன் கேட்டான், லைட்டை மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.