தலைப்பில்லாத ஏழாயிரம்

2019 ஆகஸ்ட்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த எண் மலைக்கு மேலேயும் கீழேயும் பரவியது. ஆனால் அது அன்றைய அதிகபட்ச விலை. நல்ல நிறமும் பருமனும் உள்ள காய்க்கு ஏதோ ஒரு லாட்டில், அதாவது சேர்த்து ஏலம் விடும் ஒரு தொகுதியில், கிடைத்த உச்சம். அன்று விற்ற எல்லா லாட்டையும் சேர்த்துப் பார்த்த சராசரி விலை அதைவிட வெகு கீழே. சின்னத் தோட்டம் வைத்திருப்பவர் தன் காய்க்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டியது சராசரியை வைத்துத்தான். எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பது தெரியாவிட்டால் 7,000 வெறும் எண்.

போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் நடக்கும் மின்-ஏலத்தின் முடிவை மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு அன்றன்றைக்கு ஓர் அட்டவணையாக இணையத்தில் போடுகிறது. வரிசை எண், தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று எட்டு நெடுவரிசைகள். எச்.டி.எம்.எல். என்றால் என்ன என்று போடிப் பக்கத்து மாணவர் ஒருவருக்குச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. வகுப்பறையில் வழக்கமாக நடப்பதோ வேறு. டேக்குகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதி, எதைப் போட்டால் திரையில் எப்படித் தெரியும் என்று எதிரே குறித்து, மனப்பாடம் செய்யவைத்து, கடைசியில் வண்ணப் பின்னணியில் ஒரு பக்கம் செய்துகாட்டச் சொல்வது. இந்த முறை இத்தனை ஆண்டு நிலைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கத்தான் செய்யும். அதைத் தள்ளிவிடாமல் வரவையும் செலவையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. எச்.டி.எம்.எல். கணக்குப் போடும் நிரல்மொழி இல்லை. ஓர் உரையில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது இணைப்பு என்று உலாவிக்குச் சொல்லும் குறியீட்டு மொழி. கோண அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால் டேக் திறக்கும். அதே பெயருக்கு முன்னால் சாய்கோடு போட்டு எழுதினால் மூடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த டேக்குக்கு உரிய சரக்கு. கோப்பு முழுவதையும் எச்.டி.எம்.எல். என்ற டேக் சுற்றி நிற்கும். அதற்குள் ஹெட், பாடி என்று இரண்டு பகுதிகள். ஹெட்டில் பக்கத்தைப் பற்றிய விவரங்கள்: டைட்டில், எழுத்துக் குறியாக்கம் போன்றவை. பாடியில் வாசகர் காண்பது. எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைத் தலைப்புகள். பி என்றால் பத்தி. யு.எல்., ஓ.எல். இரண்டும் பட்டியல்கள், அவற்றின் ஒவ்வொரு உருப்படிக்கும் எல்.ஐ. ஏ என்றால் இணைப்பு, ஐ.எம்.ஜி. என்றால் படம். அட்டவணைக்கு டேபிள், அதில் ஒவ்வொரு வரிசைக்கும் டி.ஆர்., தலைப்புக் கட்டத்துக்கு டி.எச்., தகவல் கட்டத்துக்கு டி.டி. இன்றைய தரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டேக்குகள் இருந்தாலும் சாதாரணப் பக்கம் ஒன்றுக்கு இருபதுக்குள் போதும்.

பட்டியல் முறையின் முதல் வரவே இந்தச் சுருக்கம்தான். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இருபது சின்னப் பெயர்கள் தெரிந்தால் போதும், உள்ளே எழுதுவது முழுக்கத் தமிழாக இருக்கலாம். வாசற்படி இவ்வளவு தாழ்வாக இருக்கும் கணினி மொழி அரிது. நோட்பேடும் ஓர் உலாவியும் இருந்தால் வேலை தொடங்கிவிடும், காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் வலைத் தொழில்நுட்பத்தை எல்லாருக்கும் பொதுவென்று விட்டுக்கொடுத்ததன் பலன் இது.

இரண்டாவது வரவு உடனடிப் பலன். எழுதிச் சேமித்து, உலாவியில் திறந்தால் கண்ணெதிரே வந்து நிற்கிறது. பிழை செய்தாலும் உலாவி முகம் சுளிக்காது, முடிந்தவரை ஒப்பேற்றிக் காட்டும். கணினியை முதன்முறையாகத் தொடும் மாணவருக்கு இது பெரிய தெம்பு. எழுத்துக்குச் சிவப்பு அடித்ததும் வகுப்பில் எழும் சலசலப்பை எந்த ஆசிரியரும் அறிவார். கவனத்தைப் பிடித்து வைக்க அதுவும் ஒரு வழி.

மூன்றாவது, கற்றது வீண்போகாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எச்.டி.எம்.எல். பற்றி 1991 இறுதியில் எழுதிவைத்த முதல் குறிப்பில் 18 டேக்குகள் இருந்தன. டைட்டில், ஏ, பி, தலைப்புகள், யு.எல்., எல்.ஐ. எல்லாம் அப்போதே உண்டு, இன்றும் அதே பெயரில் புழங்குகின்றன. கணினித் துறையில் முப்பது ஆண்டு தாண்டியும் செல்லுபடியாகும் பாடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனிச் செலவுக் கணக்கு. பெர்னர்ஸ்-லீயின் அந்தப் பதினெட்டில் எழுத்தின் நிறத்தைச் சொல்லும் டேக் ஒன்றுகூட இல்லை. படமும் அட்டவணையும்கூடப் பிறகு வந்தவைதான். ஏலத்துக்கு வரும் மூட்டையில் கட்டிய லாட் சீட்டைப் போன்றது டேக். சரக்கு எது என்று சொல்வது அதன் வேலை, சாக்குக்கு வர்ணம் பூசுவது அதன் வேலை இல்லை. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் உலாவிச் சந்தைக்காகப் போட்டி போட்டபோதுதான் கண்சிமிட்டும் பிளிங்க், ஓடும் மார்க்கீ, எழுத்துக்கு அளவும் நிறமும் கொடுக்கும் ஃபான்ட் எல்லாம் உள்ளே புகுந்தன. தோற்றத்துக்கென்று சி.எஸ்.எஸ். என்ற தனி மொழி 1996 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0, ஃபான்ட்டையும் எழுத்தை நடுவில் நிறுத்தும் சென்டரையும் கைவிட வேண்டியவை என்று ஒதுக்கியது. 2014 அக்டோபரில் முழுத் தரமான எச்.டி.எம்.எல்.5 அவற்றை வழக்கொழிந்தவை என்றே சொல்லிவிட்டது. நம் பயிற்சிக் கையேடுகள் பலவற்றில் அவை இன்னும் குடியிருக்கின்றன.

இது பழசா புதுசா என்ற வழக்கு மட்டும் இல்லை. தோற்றத்தை வைத்து டேக்கைக் கற்றவர், தோற்றத்தை வைத்தே அதைப் பயன்படுத்துவார். எச்1 என்றால் பெரிய எழுத்து, எச்4 என்றால் கொஞ்சம் சிறிய எழுத்து என்று பதிந்துவிடும். பிறகு பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு, அளவு கண்ணுக்குப் பொருந்துகிறது என்று எச்4 போடுவார். அட்டவணையின் தலைப்பு வரிசையில் டி.எச். போடாமல், டி.டி.க்குள் தடித்த எழுத்தாக எழுதிவிடுவார். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம், மதிப்பெண்ணும் விழுந்துவிடும்.

வேறுபாடு தெரிவது பார்வையற்ற ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போது, டி.எச். இருந்தால் ‘சராசரி விலை’ என்று தலைப்பைச் சொல்லிவிட்டு எண்ணைப் படிக்கும். டி.எச். இல்லாவிட்டால் எண்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். லாட் எண்ணிக்கை எது, கிலோ எது, ரூபாய் எது என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். தேடுபொறியும் ஏறக்குறைய இந்தப் பார்வையற்ற வாசகரின் நிலையில்தான் இருக்கிறது, அதற்கும் தடித்த எழுத்து கண்ணில் படாது.

உலாவியின் பெருந்தன்மையிலும் ஓர் ஆபத்து உண்டு. மேலே சொன்ன எட்டு நெடுவரிசை அட்டவணையை மாணவர் ஒருவர் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் ‘விற்ற அளவு’ கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார். அந்த வரிசையில் இப்போது ஏழு டி.டி.தான். உலாவி எந்த எச்சரிக்கையும் தராது. மிச்சக் கட்டங்களை இடப்பக்கம் நகர்த்தி அடுக்கிவிட்டுச் சும்மா இருக்கும். அதிகபட்ச விலை, விற்ற அளவின் கீழ் போய் நிற்கும். சராசரி விலை, அதிகபட்ச விலையின் கீழ். கடைசிக் கட்டம் காலி. பார்க்க அட்டவணை அட்டவணையாகத்தான் இருக்கும், சொல்வது மட்டும் பொய்யாகிவிடும். திரையில் வந்துவிட்டால் சரி என்று பழகிய கண் இதைப் பிடிக்காது. கட்டத்தையும் தலைப்பையும் பொருத்திப் பார்க்கப் பழகிய கண் உடனே பிடிக்கும்.

தமிழுக்கு இந்தத் தோற்ற மோகம் கொடுத்த அடி தனிக் கதை. 1995லேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு பரவும்வரை ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக்குரிய எண், ஃபான்ட் டேக்கில் எழுத்துருவின் பெயரைச் சொன்னால் அது தமிழாகத் தோற்றம் காட்டும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வருவது புரியாத குறிகளின் குவியல். ஒரு தளத்தின் தமிழை இன்னொரு தளத்தில் ஒட்ட முடியாது, தேடவும் முடியாது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களைப் பழைய குறியாக்கங்களிலிருந்து பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில்தான். எழுத்தின் அடையாளத்தை அதன் தோற்றத்திடம் ஒப்படைத்ததற்கு நாம் கொடுத்த விலை இது.

இவ்வளவு பட்ட பிறகும், பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கும் லேங் பண்பையும், யு.டி.எஃப்-8 என்று குறியாக்கத்தைச் சொல்லும் மெட்டா வரியையும் முதல் வகுப்பிலேயே கட்டாயமாக்கும் பயிற்சி அரிது. மொழியைக் குறித்தால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். இரண்டு சின்னக் குறிப்புகள், திரையில் தாமாக எதையும் காட்டாதவை. தோற்றத்தைக் கொண்டு கற்பிக்கும் முறையில் அவற்றுக்கு இடம் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

விளைவை மலைச்சரிவில் பார்க்கலாம். விலைப் பட்டியல்கள் பெரும்பாலும் வாட்ஸாப்பில் படமாகச் சுற்றுகின்றன. படத்தில் உள்ள எண்ணை நேரடியாகத் தேட முடியாது, எளிதில் நகலெடுத்துக் கணக்கில் சேர்க்க முடியாது, திரைவாசிப்பானுக்கும் அது ஊமை. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் இடங்கள் உண்டு. ஒரு நாளில் நடந்த இரண்டு ஏலத்தின் முடிவை எளிய அட்டவணையாக எழுதினால் கோப்பு இரண்டு மூன்று கிலோபைட்டில் அடங்கும். அதையே படமாக எடுத்து அனுப்பினால் பல மடங்கு பெரிதாகும். இந்த லேசுத்தன்மைதான் எச்.டி.எம்.எல்.லின் ஆகப் பெரிய பலம். வண்ணத்தையும் ஓடும் எழுத்தையும் சொல்லித்தரும் வகுப்பு அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலை இங்கே நியாயமாகவே பாராட்ட வேண்டும். எச்.டி.எம்.எல்.லுக்கும் சி.எஸ்.எஸ்.ஸுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் தனித்தனிப் பாடம் ஒதுக்கி, தமிழ் வழியிலும் கொடுத்திருக்கிறது. கணினி மையத்துக்குக் கட்டணம் கட்ட முடியாத தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இது எட்டுகிறது. அடுக்கில் மட்டும் ஒரு சிக்கல். கட்டமைப்பு முடிந்த கையோடு எழுத்தை அழகூட்டும் டேக்குகள் வந்துவிடுகின்றன, சி.எஸ்.எஸ். பிறகுதான் வருகிறது. இடைப்பட்ட வாரங்களில் அலங்காரம் டேக்கின் வேலை என்று மனத்தில் பதிந்துபோகிறது. பிறகு வரும் சி.எஸ்.எஸ்., அதே வேலைக்கு இன்னொரு கடினமான வழி போலத் தெரிகிறது.

இந்த விமர்சனத்துக்கு இரண்டு மறுப்புகள் வரும். வண்ணம் இல்லாவிட்டால் வகுப்பு தூங்கிவிடும் என்பது ஒன்று. அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, இரண்டாம் வகுப்பிலேயே மூன்று வரி சி.எஸ்.எஸ். சொல்லிக்கொடுத்தால் ஃபான்ட் டேக் தரும் மகிழ்ச்சி முழுவதும் அதில் கிடைக்கும். இன்று எல்லாவற்றையும் கருவிகளே செய்துவிடுகின்றனவே, டேக் எதற்கு என்பது இன்னொன்று. கருவி எழுதித் தருவதும் எச்.டி.எம்.எல்.தான். அது தலைப்பை டி.எச்.சில் போட்டிருக்கிறதா, தடித்த எழுத்தில் ஒப்பேற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் தேவைப்படுவது இப்போது கூடியிருக்கிறது.

ஆகவே பட்டியல் முறையை ஒழிக்க வேண்டியதில்லை, திருப்பிப்போட்டால் போதும். ‘இது திரையில் எப்படித் தெரியும்’ என்று எழுதும் இடத்தில் ‘இது எதைக் குறிக்கும்’ என்று எழுதலாம். நோட்பேடும் உலாவியும் அப்படியே இருக்கட்டும். கூடவே ஒரு திரைவாசிப்பானும் தரத்துக்கு ஒத்துவராத குறிகளைக் காட்டிக்கொடுக்கும், வலைத் தர அமைப்பான டபிள்யூ3சியின் இலவசச் சரிபார்ப்பானும் சேரட்டும். உலாவி மூடிமறைப்பதை இவை இரண்டும் வெளியே கொண்டுவரும். தேர்விலும் டேக்கின் விரிவாக்கத்தைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்களைக் குறைத்து, பிழையான அட்டவணை ஒன்றைக் கொடுத்து எந்தக் கட்டம் இடம் மாறியிருக்கிறது என்று கேட்கலாம். புதுப் புத்தகம், புதுக் கணினி எதுவும் இதற்கு வேண்டாம். மதிப்பெண் எதற்குப் போடுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். இதுவரை நாம் அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறோம்.