கல்லில் எண் தேடுகிறவர்கள்

ஜியோகேச்சிங் ஆடுகிறவர்கள் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்கும் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒளித்துவைத்த டப்பாவை அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு தேடிக் கண்டுபிடிப்பதே அந்த விளையாட்டு; ஆனால் இங்கே டப்பாவின் இடத்தைப் புதிர் முழுதாகச் சொல்லாது. அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் சில இலக்கங்கள் விடுபட்டிருக்கும். கல்லில் வெட்டிய ஆண்டுகளைப் படித்துத்தான் அவற்றை நிரப்ப வேண்டும். ஒற்றை இலக்கத்துக்காகக் குனிகிறவர் பெயர், வயது, செய்த வேலை என்று முழுக் கல்லையும் படித்துவிட்டே நிமிர்கிறார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே, பத்து காஜாவில் இருக்கும் ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ கல்லறைத் தோட்டம் இப்படிப் படிக்கத் தகுந்த இடம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று ரப்பர் எஸ்டேட் துரைமாரும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

பேராக் மழையில் ஊறிய கல்லில் 3-ம் 8-ம் இரட்டைப் பிள்ளைகள்போல நிற்கும். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகிவிடும். சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் உளி இறங்கிய ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்லிய நிழல் தங்கும். பழகியவர்கள் பாசியைச் சுரண்டுவதில்லை. காத்திருக்கிறார்கள், தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், எண்ணை முணுமுணுத்தபடி எழுதிக்கொள்கிறார்கள். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். புதிர் அமைப்பவரின் பக்குவத்தையும் பாராட்ட வேண்டும்: நல்லவர் டப்பாவைக் கல்லறைகளுக்கிடையே வைக்கமாட்டார். எண்கள் உள்ளே, டப்பா வேலிக்கு வெளியே, யார் தலைமாட்டையும் மிதிக்காமல் எட்டும்படி.