திரையில் மறைந்த பசி

விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நாவல் 1862 இல் வெளிவந்தது. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனை ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார். அப்பெயரிலேயே கே. ராம்நாத் இயக்கிய பட்சிராஜாத் திரைப்படம் 1950 இல் வந்தது. அக்கதையின் சாயலிலேயே பி. மாதவனின் ‘ஞான ஒளி’ 1972 இல் எழுந்தது. நாகையா சிறந்தவரா, சிவாஜி கணேசன் சிறந்தவரா என்னும் வாதம் இரசிகர்க்கு இன்பம் தரலாம்; நாவலின் உயிர்நிலை திரைக்கு வந்ததா என்பதே விமர்சனம் கேட்கவேண்டிய வினா.

அவ்வுயிர்நிலை பசி. சகோதரியின் பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடிய வால்ஜீனுக்கு விதிக்கப்பட்டது ஐந்தாண்டுச் சிறை; தப்பியோட முயன்றமையால் அது பத்தொன்பது ஆண்டாக நீண்டது. விடுதலையான பின்னரும் மஞ்சட் கடவுச்சீட்டொன்று அவனுடன் செல்கின்றது. அதனாலேயே சத்திரங்கள் அவனுக்குக் கதவடைக்கின்றன. பசியைத் தோற்றுவித்துப் பின் அதனையே தண்டிக்கும் சமுதாயத்தை ஹியூகோ இங்கு கூண்டில் நிறுத்துகின்றார்.

பொகவந்தலாவைத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு அச்சீட்டுப் புதியதன்று. கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்லமுடியாதவாறு கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அச்சிக்கலை முடிவுக்குக் கொணர 2003 ஆம் ஆண்டுவரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு கடதாசி மனிதனின் வாழ்வைத் தீர்மானிக்கும் கொடுமையை லயத்து வாசகனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

‘ஏழை படும் பாடு’ பசியைக் கைவிடவில்லை. நாகையாவின் கந்தன் தமிழ் ஏழையாகவே நிற்கின்றான். ஆயினும் கூர்ந்து நோக்கத்தக்க ஒன்றுண்டு. கதாநாயகன் கந்தனாகிவிட, அவனைத் துரத்தும் அதிகாரி மட்டும் பிரெஞ்சுப் பெயருடன் ஜாவர் ஆகவே இருக்கின்றான். இது இயக்குநர் கருதிச் செய்ததாயினும் ஆகாவிடினும், பொருள் ஆழமானது: துன்புறுபவன் நம்மவன், சட்டத்தின் பெயரோ அந்நியம். அப்பாத்திரமேற்ற சீதாராமன் இறுதிவரை ‘ஜாவர் சீதாராமன்’ என்றே அறியப்பட்டார் என்பது அப்பெயர் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சான்று.

வியட்நாம் வீடு சுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்த ‘ஞான ஒளி’யிலோ ரொட்டியே இல்லை. மகளை வஞ்சித்தவனின் மரணத்துக்குக் காரணமாகியே அந்தோனி குற்றவாளியாகின்றான். வர்க்கத்தின் கதை குடும்பமானத்தின் கதையாகச் சுருங்கிவிட்டது. சிவாஜியின் நடிப்பாற்றலை மறுப்பார் எவருமிலர். மேஜர் சுந்தரராஜனின் லாரன்ஸும் அவருக்கு ஈடுகொடுக்கின்றார். எனினும், தந்தையின் கண்ணீருக்கு உருகும் பார்வையாளன் சமுதாயத்தைக் குறித்து எந்தக் கேள்வியும் இன்றி அரங்கைவிட்டு வெளியேறிவிடலாம். 1950 ஆம் ஆண்டுப் படம், தன் தலைப்பிலேயே ஏழையை வைத்திருந்தமையால், அவ்வளவு எளிதாக அவனை வெளியேற விடவில்லை.