கூட்டுற்பத்தியும் சந்தையும்: எண்ணிமப் பொதுவளக் கோட்பாடு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

முதலாளித்துவச் சந்தைக்கு மாற்றாக அமையக்கூடிய உற்பத்தி முறையொன்று கணினி வலையமைப்புகளின் வழியே உருவாகி வருகின்றது என்னும் கருத்து, கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேனாட்டுச் சமூக விஞ்ஞானிகள் சிலரிடையே செல்வாக்குப் பெற்று வந்துள்ளது. ஊதியமோ முகாமையாளரின் கட்டளையோ இன்றித் தம்முட் சமமானோர் பலர் ஒன்றுசேர்ந்து, யாவரும் பயன்படுத்தக்கூடிய பொருளொன்றை ஆக்குவதையே இவர்கள் அம்முறையின் அடிப்படைப் பண்பாகக் கொள்வர். இதனைச் 'சமானர் கூட்டுற்பத்தி' என நாம் குறிக்கலாம். இவ்வாறு ஆக்கப்பட்டு எவருடைய தனிக்கட்டுப்பாட்டிலும் அடங்காது நிற்கும் மென்பொருள், கலைக்களஞ்சியம், நூற்றொகுதி முதலியன எண்ணிமப் பொதுவளம் எனப்படும். முற்போக்காளர் பலரை இக்கோட்பாடு ஈர்த்துள்ளமையால் அதன் வன்மையையும் எல்லைகளையும் நிதானமாக நோக்குதல் அவசியமாகின்றது. தமிழிலும் இவ்வகை முயற்சிகள் பல நடைபெற்று வருவதால், இவ்விவாதத்தைப் பிறருக்குரியதென நாம் ஒதுக்கிவிடவும் இயலாது.

1

பொதுவளம் பற்றிய அண்மைக்கால விவாதத்திற்கு 1968இல் கரட் ஹார்டின் எழுதிய கட்டுரை ஒரு தொடக்கமாக அமைந்தது. பொது மேய்ச்சற்றரையில் ஒவ்வொருவரும் தத்தம் மந்தையைப் பெருக்க முற்படுவர்; ஈற்றில் தரை அழியும்; ஆகவே அரசின் கட்டுப்பாடோ தனியுடைமையோ தவிர்க்கவியலாதது என்பது அவர் வாதத்தின் சாரமாகும். எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில் சுவிற்சர்லாந்தின் மலைப் புல்வெளிகள், யப்பானியக் கிராமங்களின் காடுகள், ஸ்பானிய நீர்ப்பாசன அமைப்புகள் ஆகியவற்றை ஆராய்ந்து, மக்கள் தாமே விதிகளை வகுத்துப் பொதுவளங்களை நூற்றாண்டுக் கணக்கிற் பேணி வந்தமையை நிறுவினார். 2009ஆம் ஆண்டின் பொருளியலுக்கான நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றமைக்கு இவ்வாய்வுகளே காரணமாயின.

ஆயின் மேய்ச்சற்றரைக்கும் மென்பொருளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. புல்லை ஒருவரது மாடு மேய்ந்தால் மற்றவரது மாட்டுக்கு அது இல்லை. மென்பொருளையோ நூலின் எண்ணிமப் படியையோ எத்தனை பேர் பயன்படுத்தினும் அது குறைவதில்லை. எனவே ஹார்டினை அலைக்கழித்த மிகைநுகர்வுப் பிரச்சினை இங்கு எழுவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு வினா எழுகின்றது. அவ்வளத்தை ஆக்கவும் பேணவும் வேண்டிய உழைப்பு எங்கிருந்து வருகின்றது? அவ்வுழைப்பாளரின் சீவியத்தைத் தாங்குவோர் யாவர்? இக்கோட்பாட்டை மதிப்பிடுவதற்கான உரைகல் இவ்வினாவே என்பது எமது கருத்து.

2

1983இல் றிச்சார்ட் ஸ்டோல்மன் தொடக்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் 1989இல் தனது பொது உரிமத்தை வெளியிட்டது. படைப்பாளியின் தனியுரிமையைக் காக்கும் பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், ஆனால் மாற்றியதைப் பகிர்வோர் அதே உரிமையைப் பிறர்க்கும் வழங்கவேண்டும் என்னும் நிபந்தனையை அது விதித்தது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவகம் அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. 2001இல் விக்கிப்பீடியா தோன்றியது. இவற்றை ஆதாரமாகக் கொண்டு யொஹாய் பெங்க்ளர் 2002இல் ஒரு கட்டுரையிலும் 2006இல் விரிவான நூலொன்றிலும் தமது கோட்பாட்டை முன்வைத்தார். நிறுவனத்தின் கட்டளையாலோ சந்தையின் விலையாலோ ஒழுங்கமைக்கப்படாத மூன்றாவது உற்பத்தி முறை தோன்றியுள்ளது; வேலை சிறு கூறுகளாகப் பிரிக்கப்படக்கூடியதாகவும் அவற்றை ஒன்றிணைக்கும் செலவு குறைவாகவும் இருக்குமிடத்து அது சிறப்புற இயங்கும் என்பது அவரது முடிபு.

இக்கோட்பாட்டின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இலாப நோக்கின்றி மனிதர் பெருமுயற்சிகளில் ஈடுபடார் என்பது பூர்ஷ்வாப் பொருளியலின் நெடுங்கால நம்பிக்கை. உலகின் மிகப்பெரிய கலைக்களஞ்சியம் ஊதியமின்றி எழுதப்பட்டமை அந்நம்பிக்கையைப் பெரிதும் ஆட்டங்காணச் செய்துள்ளது.

3

ஆயினும் பெங்க்ளர் தாராண்மைவாத மரபைச் சார்ந்த சட்ட அறிஞர். உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்படுகின்றது என்பதை நுணுகி ஆராயும் அவர், அவ்வுழைப்பாளர் எவ்வாறு உயிர்வாழ்கின்றனர் என்பதைத் தமது கோட்பாட்டின் மையத்திற்குக் கொண்டுவரவில்லை. கணினி தனியாள் கைக்கு வந்துவிட்டமையால் உற்பத்திச் சாதனங்கள் பரவலாகிவிட்டன என்பது அவரது அடிப்படை எடுகோள். ஆனால் உணவும் உறையுளும் இன்னமும் கூலியின் வழியேதான் பெறப்படுகின்றன. தொண்டரின் ஓய்வுநேரம் வேறோர் இடத்தில் அவர் செய்யும் கூலியுழைப்பின் மிச்சமாகவே பெரும்பாலும் உள்ளது.

இதன் விளைவை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. 2000இல் ஐ.பி.எம். நிறுவனம் லினக்ஸில் நூறு கோடி டொலரை முதலிடுவதாக அறிவித்தது. 2019இல் அதே நிறுவனம் லினக்ஸ் சார்ந்த சேவைகளை விற்கும் ரெட் ஹட் நிறுவனத்தை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. இன்று லினக்ஸ் கருவகத்திற்கு வரும் மாற்றங்களுட் பெரும்பாலானவை நிறுவனங்களிற் சம்பளம் பெறுவோரால் எழுதப்படுபவை. மூலதனம் பொதுவளத்தைத் தனது பகைவனாகக் கருதவில்லை. தான் செலவிடவேண்டிய ஆக்கச் செலவைக் குறைக்கும் உள்ளீடாகவே அதனை ஏற்றுக்கொண்டது. மேலும், மென்பொருளைப் பகிராது தமது வழங்கிகளில் இயக்கிச் சேவையாக மட்டும் விற்போரைப் பொது உரிமத்தின் நிபந்தனை கட்டுப்படுத்துவதில்லை. இவ்விடைவெளியை அடைக்க 2007இல் வேறோர் உரிமம் வெளியிடப்பட்டதாயினும் பெருநிறுவனங்கள் பல அதனைத் தவிர்த்தே வருகின்றன.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறைபாடு இம்முரண்பாட்டை அம்பலப்படுத்தியது. இணையத்தளங்களிற் பெருந்தொகையானவற்றின் இரகசியக் காப்புக்குப் பயன்பட்ட ஓப்பின்எஸ்எஸ்எல் என்னும் பொதுவள மென்பொருளை மிகச் சிலரே பேணி வந்தனர். அதற்குக் கிடைத்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். அதனைப் பயன்படுத்திப் பெருவருவாய் ஈட்டிய நிறுவனங்கள், தமது பாதுகாப்பு ஆபத்துக்குள்ளான பின்னரே ஒன்றுகூடிப் பணம் ஒதுக்கின. அண்மைக்காலத்தில் விக்கிப்பீடியாவின் உரைகள் மொழி மாதிரிகளைப் பயிற்றும் மூலப்பொருளாகவும் பயன்படுகின்றன. தொண்டர் எழுதியதை எவரும் பயன்படுத்தலாம் என்பதில் மூலதனமும் அடங்குகின்றது. சுருங்கக்கூறின், சமானர் கூட்டுற்பத்தி விளைபொருளைத் தனியுடைமையிலிருந்து விடுவித்ததேயன்றி, விளைவித்தவரைக் கூலி உறவிலிருந்து விடுவிக்கவில்லை.

இக்குறையை உணர்ந்தோர் இல்லாமலில்லை. டிமிட்ரி கிளைனர் 2010இல் வெளியிட்ட தமது நூலில், கூட்டுறவு அடிப்படையில் இயங்குவோர் பொதுவளத்தைத் தடையின்றிப் பயன்படுத்தலாம், கூலியுழைப்பைச் சுரண்டும் நிறுவனங்கள் பணஞ்செலுத்தவேண்டும் என்னும் உரிமத்தை முன்மொழிந்தார். மிஷேல் போவன்ஸ் போன்றோரும் இத்திசையிலேயே சிந்தித்து வந்துள்ளனர். உடைமை உறவைப் பிரச்சினையின் மையத்திற்குக் கொண்டுவந்தமை இவர்களின் பங்களிப்பாகும். எனினும், உரிமம் என்பது சட்ட ஆவணம். உற்பத்தியாளரின் வாழ்வைத் தாங்கும் கூட்டுறவுகள் சமூகத்தில் வலுப்பெறாதவிடத்து, அதன் நிபந்தனைகள் மட்டும் புதிய பொருளாதாரத்தை ஆக்கிவிடா.

4

இவ்விவாதத்தைத் தமிழ்ச் சூழலில் பொருத்திப் பார்க்குமிடத்துப் புதியதொரு பரிமாணம் தோன்றுகின்றது. 1998இல் மதுரைத் திட்டமும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டமும் தொடங்கின. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி இவற்றிற் பங்கு கொண்டனர். பெங்க்ளரின் கோட்பாட்டில் பொதுவளம் சந்தைக்கு அருகே, அதனோடு போட்டியிட்டு வளர்கின்றது. ஈழத்து இதழியலைப் பொறுத்தவரை அவ்விடத்திற்குச் சந்தை வரவேயில்லை. சில நூறு பிரதிகளாக அச்சாகி நின்றுபோன சிற்றிதழை மறுபதிப்புச் செய்வதில் எந்த வெளியீட்டாளருக்கும் இலாபமில்லை. அரசின் துணையும் இங்கு நம்பத்தக்கதாக இருக்கவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டமையை நாம் மறப்பதற்கில்லை. சந்தையும் அரசும் கைவிட்ட பணியையே இங்கு பொதுவளம் ஏற்றுக்கொண்டது.

ஆகவே கூலியற்ற உழைப்பு மூலதனத்திற்கே சேவகஞ் செய்கின்றது என்னும் விமர்சனத்தை மாத்திரம் கொண்டு இம்முயற்சிகளை எடைபோடுவது தவறாகும். ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் நினைவு பேணப்படுமா அழியுமா என்பதே இங்குள்ள பிரச்சினை. ஆயினும் நாம் முன்னர் எழுப்பிய வினா இங்கும் நீங்கிவிடவில்லை. வருடி மூலம் பக்கங்களைப் படியெடுத்தல், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சரிபார்த்துப் பட்டியலிடல், கோப்புகளைக் காலந்தோறும் புதிய ஊடகங்களுக்கு மாற்றுதல் ஆகியன தொடர்ச்சியான உழைப்பை வேண்டுவன. தொண்டர்களின் உற்சாகமும் நன்கொடையாளரின் தயவும் தலைமுறை மாறும்போது குன்றக்கூடும். அப்போது ஓப்பின்எஸ்எஸ்எல்லுக்கு நேர்ந்தது எமது ஆவணங்களுக்கும் நேரலாம். அதனைச் சரிசெய்யப் பணத்தோடு ஓடிவரும் பெருநிறுவனம் எதுவும் எமக்கில்லை.

இவ்விடத்திற் பல்கலைக்கழகங்களின் பொறுப்பை வற்புறுத்தல் அவசியமாகும். ஈழத்து இலக்கியத்தை ஆராயும் மாணவரும் ஆசிரியரும் இவ்வெண்ணிமத் தொகுதிகளை இன்று அடிப்படை மூலங்களாகக் கொள்கின்றனர். பயன்பெறுவோர் பேணலிற் பங்குகொள்ளல் வேண்டும் என்பது ஒஸ்ட்ரோம் ஆராய்ந்த கிராமங்களிற் காணப்பட்ட நியதி. நூல்விவரப் பட்டியலாக்கமும் மூலபாடச் சரிபார்ப்பும் ஆய்வுப் பணியாகக் கணிக்கப்பட்டு, அவற்றைச் செய்வோர்க்குப் பல்கலைக்கழக நிதியிலிருந்து முறையான ஊதியம் வழங்கப்படுமாயின், பொதுவளத்தைப் பேணுவோரின் சீவியம் சந்தையையும் தயவையும் நம்பியிராத நிலையை ஓரளவேனும் எய்தலாம். கூட்டுற்பத்திக் கோட்பாட்டை முற்போக்கானதெனக் கொள்வோர் தமது நிறுவனங்களில் முதலில் நிறைவேற்றக்கூடிய கடமையும் அதுவே.