படைப்பும் பணிநேரமும்: யூத மணநெறி பற்றி ஒரு திறனாய்வு

நம் திருமண அருளுரைகளில் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் தவறாது இடம்பெறுகின்றது. ஆயின் அவ்வதிகாரத்தைத் தலைமுறை தலைமுறையாய் ஓதிவந்த யூத ரபீகள் மணவாழ்வை எவ்வாறு நோக்கினர் என்பதை நாம் அரிதாகவே வினவுகின்றோம்.

அவர்கள் திருமணத்திற்கு இட்ட பெயர் 'கித்தூஷீன்'. பரிசுத்தம் என்னும் எபிரெயச் சொல்லின் வேரில் பிறந்தது. நாம் 'விலா எலும்பு' என வாசிக்கும் சொல், யாத்திராகமம் 26இல் ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கத்தையும் குறிப்பது. பதினோராம் நூற்றாண்டின் ராஷி அதனைச் சுட்டியே 'பக்கம்' எனப் பொருள் கொண்டார். மனைவியற்றவன் மகிழ்ச்சியும் ஆசியும் நன்மையும் இன்றி வாழ்கின்றான் என்னும் தல்மூத், அந் 'நன்மை'க்குச் சான்றாகக் காட்டுவது ஆதியாகமம் 2:18.

இவை அழகிய விளக்கங்கள். எனினும் நாம் பெரிதும் மதிப்பது, அந்நன்மையை அவர்கள் தொழிலாளியின் வீடுவரை கொண்டுசென்றதையே. அடிமைப் பெண்ணாய் வந்த மனைவிக்கும் உணவு, உடை, மண உறவு ஆகியவற்றைக் குறைக்கலாகாது என்பது யாத்திராகமம் 21:10. இதனை எல்லா மனைவியர்க்கும் உரியதாக்கி, ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா (கேதுபோத் 5:6) கணவனின் கடமையைத் தொழில்வாரியாக அளந்தது: கூலியாளுக்கு வாரம் இருமுறை, கழுதை ஓட்டுபவனுக்கு ஒருமுறை, ஒட்டகம் ஓட்டுபவனுக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை, கடலோடிக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை. கழுதை ஓட்டுபவன் மிகுந்த வருவாய் கருதி ஒட்டகம் ஓட்டப் போகலாமோ என்ற வினாவிற்கு, பத்துப் படியோடு பிரிவைவிட ஒரு படியோடு கணவன் அருகிருப்பதையே பெண் விரும்புவாள் என்கிறது தல்மூத்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த சபைகளில் ஊழியம் செய்வோர்க்கு இப்பட்டியல் அயலானதன்று. உருக்காலைகளில் இரவு ஷிப்டு முடித்துக் கணவன் திரும்புகையில் மனைவி வேலைக்குப் புறப்படுகிறாள். ஒடிசாவிலும் பீகாரிலும் மனைவியை விட்டுவந்து கூட்டறைகளில் உறங்குவோர் பலர். நம் கடலோடிகள் இவர்களே. நாமோ திருமணம் தூயது எனப் போதித்து, குடும்பம் குலைந்தால் தம்பதியரைக் கடிந்துகொள்கின்றோம். பணிநேரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ரபீகளின் நெறி குறையற்றது என்று நாம் கூறவில்லை. பெண்ணை ஆண் 'கொள்ளும்' மூன்று வழிகளை எண்ணியே மிஷ்னாவின் கித்தூஷீன் பகுதி தொடங்குகின்றது. பக்கமாய்ப் படைக்கப்பட்டவளுக்கு இம்மொழி பொருந்துமா? மேலும் வேதம் பயில்வோர்க்கு மட்டும் அவர்கள் தாராளமாய் விலக்களித்தனர். மனைவியின் இசைவின்றியே மாணாக்கன் முப்பது நாள் பிரிந்திருக்கலாம் என்றது மிஷ்னா. பிற்காலத்தார் அதை இரண்டு மூன்று ஆண்டுகளாக நீட்டினர்.

ஆனால் அதே தல்மூத் ராவ் ரெகூமியின் கதையையும் மறைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை, பாவநிவிர்த்தி நாளின் முன்மாலையில் வீடு திரும்புபவர் அவர். ஓர் ஆண்டு படிப்பில் ஆழ்ந்து மறந்துபோனார். "இதோ வருவார்" எனக் காத்திருந்த மனைவியின் கண்ணீர்த்துளி விழுந்த கணத்தில், அவர் அமர்ந்திருந்த மேல்தளம் இடிந்து வீழ்ந்து அவர் மாண்டார். குடும்பத்தை ஊரில் விட்டு நம் விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணாக்கர்க்கு இப்பகுதியை எந்த வகுப்பில் கற்பிக்கின்றோம்?