அளவுகோலாய் நின்றவர்கள்

பொலன்னறுவை, அநுராதபுரம் விகாரைகளின் இடிபாடுகளை ஜோசப் லோட்டன் 1870-71இல் எடுத்த புகைப்படங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் அழகையே பேசுகின்றனர். அழகு உண்மைதான். கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காயுமுன் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியெடுத்த உழைப்பும் சாதாரணமானதல்ல.

வன்னியிலிருந்து பார்க்கும் எனக்கு உறுத்துவது வேறொன்று. அரசின் தொல்பொருள் ஆணைக்குழுவுக்காக எடுக்கப்பட்ட இப்படங்கள் சிலவற்றில், சுவரின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக மனிதர்கள் நிற்கின்றனர். இன்று லங்காதிலக என்று அறியப்படும் விகாரைக்கு அன்று ஜேதவனாராமம் என்ற பிழையான பெயராவது இருந்தது. இம்மனிதருக்கு அதுவுமில்லை. காடு விழுங்கிய ஆளற்ற நகரம் என்ற கதைக்கு இப்படங்கள் துணைபோயின. அதே பொலன்னறுவையில்தான், புனித தந்தத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைச் சொல்லும் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் நிற்கிறது.

முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் 2021இல் அகழ்வு தொடங்கியபோதும் இப்பார்வையையே கண்டேன். கல்லின் வயதை ஆராய்ந்தார்கள். அடிவாரத்தில் வயல் செய்த தண்ணிமுறிப்பு மக்கள் மறுபடியும் படத்தின் ஓரத்தில் நின்றார்கள். இடிபாட்டைப் படமெடுப்பவர் அருகில் நிற்பவரின் பெயரையும் எழுதிவைக்கட்டும். அதுவும் வரலாறுதான்.